கூரையாவதற்கு முன்

புயல் போன பதினோராம் நாள்.
நான் ஆணி நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.
கல்லில் வைத்து, உருட்டி, இரண்டு தட்டு.
நிமிர்ந்தது மீன் டப்பாவுக்கு,
ஒடிந்தது சேற்றுக்கு.

பூஸி ஆறு தன் படுகைக்குத் திரும்பிவிட்டது,
சந்தைக்குப் போய் வந்ததுபோல.
மாமரத்தின் உச்சிக் கவட்டில்
யாருடைய மெத்தையோ இன்னும் காய்கிறது.

ஃபெலிசார்தாவின் வீட்டுக்கு
ஒரு தகரம் குறைகிறது.
அந்தத் தகரம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.
அதன்மேல் நான்கு பேர்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.
சுற்றிலும் தண்ணீர்.
அவர்கள் சொல்கிறார்கள், ஆகவே தண்ணீர்.
கால் கீழே பட்டால் முதலை.

முதலைக்கு ஐந்து வயது. பெயர் கஸ்டிகோ.
முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டதால்
ஓரமாகத்தான் கடிக்கும்.

கித்தேரியா ஹெலிகாப்டர்.
தலைக்குமேல் ஒரு கையைச் சுழற்றி
டுப் டுப் டுப் என்று வருகிறாள்,
புழுதி பறக்க வேண்டுமே என்று
மணலைக் காலால் உதைத்தபடி.
"சோளமாவு! சோளமாவு!"
விழுவது செங்கல் துண்டு,
ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை உயிருள்ள தவளை.
கீழே இருப்பவர்கள் முறைப்படி
அடித்துக்கொள்கிறார்கள்.

"அப்படியில்ல, பேர் கூப்பிடணும்"
என்று நிறுத்துகிறாள் அசுசேனா.
அவளிடம் பட்டியல் இருக்கிறது.
ஒரு வாழைமட்டை.
அவளுக்கு எழுதத் தெரியாது, மட்டையிலும் எழுத்தில்லை.
விரல் வைத்து மேலிருந்து கீழே வாசிக்கிறாள்,
பள்ளிக்கூட முகாமில் கண்ணாடிக்காரர் வாசிப்பதுபோலவே
உதட்டைப் பிதுக்கி:
"இல்ல. உன் பேர் வரல. நாளைக்கு வா."
சிரித்துவிட்டேன்.
சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது.

புயலாக மட்டும் எல்லோருக்கும் ஆசை.
புயலானால் யாரையும் தள்ளிவிடலாம்,
அம்மாவிடம் சொல்ல முடியாது.
தினமும் ஒருவர் என்று ஏற்பாடு.
இன்றைக்கு செஃபானியாஸின் முறை.
மாமரத்தில் இரண்டு ராத்திரி இருந்தவன்.
ஏறும்போது அவர்கள் மூன்று பேர்.

கன்னத்தை உப்பிக்கொண்டு
கைகளை விரித்து ஓடி வந்தான்.
தகரத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிக் கத்தத் தொடங்கினார்கள்.
விளிம்புவரை வந்தவன் நின்றான்.
ஒரு சுற்று சுற்றினான்.
"நான் இந்தப் பக்கம் வரல" என்றான்.
"வேற ஊருக்குப் போறேன்."
போய், கவிழ்ந்த படகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

பெரிய கூச்சல்.
இது என்ன விளையாட்டு, திரும்பி வா,
புயல் வந்தே ஆகணும், பட்டியல்ல இருக்கு!
அவன் வரவில்லை.
கடைசியில் அவனைப் புயல் பதவியிலிருந்து நீக்கி
ஆடாக்கினார்கள்.
ஆடாக அவன் நன்றாகவே கத்தினான்.

வெயில் சாய்ந்ததும் எழுந்து போய்த்
தகரத்தைக் கேட்டேன்.
"எல்லாரையும் காப்பாத்தின பிறகுதான்" என்றாள் கித்தேரியா.
நியாயம்தான்.
ஒவ்வொருவரையும் அக்குளில் கை கொடுத்து
இழுத்துக் கரை சேர்த்தாள்.
ஆட்டை இரண்டுமுறை காப்பாற்ற வேண்டியிருந்தது.
காத்திருந்த என் முழங்காலை
முதலை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

தகரத்தைத் தலையில் தூக்கிப் போய்
ஏணி வைத்து ஏறி அடித்தேன்.
பதினான்கு ஆணி.
பழைய ஓட்டைகள் அதைவிட அதிகம்.
தார் கிடைத்தால் அடைக்கலாம்.

கடைசி ஆணியில் இருக்கும்போது
கீழே டுப் டுப் சத்தம்.
கூரைமேல் ஆள் இருக்கிறான் அல்லவா?
வந்துவிட்டார்கள்.
அசுசேனா மட்டையை விரித்துப் பிடித்தாள்.
ஐந்து வீடு தள்ளி இருப்பவள்,
என்னைத் தெரியாதவள்போல் கேட்டாள்:
"பேர்?"
"ஜெர்வாசியோ" என்றேன்.

விரல் மட்டையில் இறங்கியது.
அடிவரை போனது.
மட்டையைத் திருப்பி
மறுபக்கமும் தேடினாள்.
எனக்கு ஏனோ வாய் உலர்ந்தது.

"இருக்கு" என்றாள்.

அதற்குள் ஹெலிகாப்டரை
அதன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.
நானே இறங்கினேன்,
ஏணியின் கடைசிப் படியில் நின்று
முதலை எங்கே என்று பார்த்து,
மெல்ல.